குச்சி நடப் போகிற என் மகளுக்கு

ஆத்தா,

கூரியரில் கனமாக ஏதோ வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே. வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறோம். உன் அம்மாவின் முழங்கால் வலி வழக்கம்போல, என் ரத்த அழுத்தமும் வழக்கம்போல. போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நான் இரண்டாவது பேச்சிலேயே குரலை உயர்த்திவிடுகிறேன், நீ மூன்றாவது பேச்சில் "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதற்குப் பிறகு உன் அம்மா என்னைப் பார்க்கிற பார்வையில் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. கடிதம் என்றால் நீ நடுவில் புகுந்து "சரிப்பா" சொல்ல முடியாது. கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

போன மாதம் நீ பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது, ஸ்காட்லாந்தில் கோல்ப் மைதானம் வடிவமைக்கிற படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, உதவித்தொகையும் தருகிறார்கள் என்று சொன்னாய். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் உன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "எவனோ பந்து தட்டி வெளையாடுறதுக்கு நான் பத்தொம்பது வருசம் வெயில்ல கெடந்து மண்ணத் தள்ளுனது போதாதா? நீயும் போயி குச்சி நடணுமா? அதுக்கா அஞ்சு வருசம் கட்டட ப்ளான் போடப் படிக்க வச்சேன்?" என்று கேட்டேன். சண்டை போடுவாய் என்று நினைத்தேன். நீ "சரிப்பா, வேணாம்னு எழுதிர்றேன்" என்று சொல்லி மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்து போய்விட்டாய். புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் ஏற்றிவிட வந்தபோதுகூடத் தண்ணீர் பாட்டிலைப் பற்றியும் ஜன்னல் சீட்டைப் பற்றியும்தான் பேசினோம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் அம்மா விசாரித்ததற்கு, "இன்னும் எழுதலம்மா, இந்த வெள்ளி இல்ல, அடுத்த வெள்ளிக்கெழமதான் கடைசி நாளு, அதுக்குள்ள எழுதிர்றேன்" என்றாயாம். வேண்டாம் என்கிற அந்தப் பதிலை நீ எழுதிவிடக் கூடாது. அதற்காகத்தான் இத்தனை பக்கம்.

நான் ஏன் அப்படிப் பேசினேன் என்று சொல்ல வேண்டுமென்றால் உன் ரவைத் தாம்பாளத்திலிருந்து தொடங்க வேண்டும். நினைவிருக்கிறதா? கல்லூரியில் கடைசி வருடம், பழைய காலத்துக் கோல்ப் மைதானங்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று வீட்டில் ஒத்திகை பார்த்தாயே, அது. நான் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கூடத்தில் என்னையும் உன் அம்மாவையும் உட்கார வைத்து, பெரிய தாம்பாளத்தில் ஒரு படி ரவையைக் கொட்டி விரலால் மேடும் பள்ளமுமாக ஒதுக்கினாய். "இது ஸ்காட்லாந்துக் கடக்கரை. இந்தப் பக்கம் கடலு, இந்தப் பக்கம் வயலு, நடுவுல இருக்கற இந்த மணல் காடு பயிருக்கும் ஒதவாது, வீடு கட்டவும் ஒதவாது" என்றாய். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த உன் அம்மா, "கீழ சிந்தாதடி, காலையில உப்புமாவுக்கு வச்சது" என்று சொன்னாளே தவிர, கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

எனக்கு அன்றைக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கோல்ப் மைதானத்தைப் பற்றி எனக்கே பாடமா என்று நினைத்தேன். பாலைவனத்தில் எத்தனை மைதானங்களுக்குப் புல்டோசர் ஓட்டியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. குச்சிகள் நட்டிருப்பார்கள், ஒவ்வொரு குச்சியிலும் இத்தனை அடி வெட்டு, இத்தனை அடி நிரப்பு என்று எழுதியிருக்கும். அதன்படி தள்ளிவிட்டு அடுத்த குச்சிக்குப் போக வேண்டியதுதான். அது மேடா, பள்ளமா, எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. மண்வேலை முடிந்ததும் எங்களை வேறு இடத்துக்கு ஏற்றிவிடுவார்கள். புல் முளைத்த பிறகு ஒன்றையாவது நான் கண்ணால் பார்த்ததில்லை. அதனால்தான், "மொதல்ல யாரு ப்ளான் போட்டா?" என்று உன்னை மடக்குவதற்காகக் கேட்டேன். நீ மடங்கவில்லை. "யாருமே போடலப்பா. ஆடும் முயலும் போட்டுச்சு" என்றாய்.

குளிர்காற்றுக்குப் பயந்து செம்மறி ஆடுகள் மணல்மேட்டின் மறைவில் ஒண்டி ஒண்டிப் படுத்து, அந்த இடம் தேய்ந்து குழியாகி, அதுதான் பின்னால் பந்து விழக்கூடாத மணல் பள்ளம் ஆனதாகச் சொல்வார்கள் என்றாய். முயல்கள் கடித்துக் கடித்துப் புல்லை ஒட்ட வெட்டியதுபோல் வைத்திருந்த இடத்தில், ஆடுகிறவர்கள் பந்து போடக் குழி தோண்டிக்கொண்டார்கள் என்றாய். கடலோரமாகவே ஆடிக்கொண்டு போய், அதே வழியில் ஆடிக்கொண்டு திரும்பினார்களாம். ஒரு ஊரில் ஐந்து குழி, இன்னொரு ஊரில் ஏழு, பெயர்பெற்ற ஓர் ஊரில் இருபத்திரண்டு. அந்த ஊர்க்காரர்கள் ஆரம்பத்தில் கிட்டக் கிட்ட இருந்த குழிகளைச் சேர்த்துக் குறைத்ததில் பதினெட்டாகி, மற்ற ஊர்களும் பிறகு அதையே பிடித்துக்கொண்டன என்று நீ சொன்னாய். பதினெட்டு என்பது என்னவோ சாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டு அத்தனை வருடம் மண் தள்ளியிருக்கிறேன். இந்தக் கதை தெரிந்திருந்தால் போர்மேனிடம் நான்கு குழியைக் குறைக்கச் சொல்லியிருப்பேன்.

பிறகுதான் குச்சிக்காரர்களைப் பற்றிச் சொன்னாய். கடற்கரையில் ஆடியவர்களைப் பார்த்து மற்ற ஊர்களுக்கும் ஆசை வந்துவிட, மைதானம் போட்டுக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. வந்தவர்கள் யாரும் படம் வரையப் படித்தவர்கள் இல்லை. பந்து செய்கிறவர், மட்டை செதுக்குகிறவர், புல்லைப் பராமரிக்கிறவர். காலையில் ரயிலில் வந்து இறங்கி, நிலத்தை நடந்து பார்த்து, இங்கிருந்து அடி, அங்கே போய் விழட்டும் என்று குச்சி நட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவார்களாம். "நல்ல பொழப்பா இருக்கே" என்று நான் கேலி செய்தேன். நீ கோபித்துக்கொண்டாய். "நடந்து பாத்துட்டுத்தாம்ப்பா நட்டாங்க. மண்ணத் தள்ள அவங்ககிட்ட வண்டி கெடையாது. இருக்கற மேடு பள்ளத்துலயே வழி கண்டுபுடிச்சாக வேண்டியிருந்துச்சு" என்றாய். அதைச் சொல்லும்போது ரவையில் சாய்வாக ஒரு நீளப் பள்ளம் கீறினாய். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். உனக்கு முகம் வாடிவிட்டது. "ஒங்கப்பாவுக்கு டீ நேரம்டி, நீ சொல்லு" என்று உன் அம்மா சமாளித்தாள்.

டீ நேரம் இல்லை ஆத்தா. ரவையில் நீ கீறிய பள்ளம் அப்படியே நம் மேலக்காட்டுப் பள்ளம். அதை மூடியவன் நான்.

நீ எட்டாம் வகுப்புப் படித்த வருடம் அது. ஆலங்குடிப் பக்கம் இருக்கிற நம் நிலம், மேலக்காடு, உனக்குத் தெரியும். மேல்பாதி உன் பெரியப்பாவுக்கு, கீழ்பாதி எனக்கு. இரண்டு பாகத்தையும் சாய்வாகக் கடந்து ஒரு பள்ளம் கீழே ஊருணி வரைக்கும் போகும். மழை பெய்தால் தண்ணீர் ஓடுகிற வாரி. மற்ற நாளில் கோரைப்புல்லும் ஓணானும்தான். துபாயில் குச்சி போட்டுத் தட்டு மாதிரி மட்டம் செய்து பழகிய கண்ணுக்கு, என் காடு கோணல்மாணலாகக் கிடப்பது பிடிக்கவில்லை. விடுமுறையில் வந்தவன் புல்டோசரை வாடகைக்குப் பிடித்தேன். உன் பெரியப்பா வரப்பில் நின்று, "அது தண்ணி போற தடம்டா, அதுல கை வைக்காத" என்றார். வண்டியின் மேலே உட்கார்ந்தபடியே, நாலு பேர் நிற்கும்போது, "நீங்க திருச்சியத் தாண்டுனது உண்டா? ஒலகம் எங்கிட்டோ போயிருச்சு, நீங்க இன்னும் தண்ணி, தடம்னுக்கிட்டு" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டே நாளில் காடு கேரம்போர்டு மாதிரி ஆகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். பெருமையோடு விமானம் ஏறினேன்.

ஐப்பசி மழை வந்தபோது நான் துபாயில் இருந்தேன். போக வழியில்லாத தண்ணீர் மேல்பாதியில், உன் பெரியப்பாவின் கடலையில் தேங்கி நின்றுவிட்டது. பறிக்க வேண்டிய சமயம். நிலத்துக்குள்ளேயே கடலை அத்தனையும் முளைத்துப் போயிற்று. கீழே ஊருணிக்கு அந்த வருடம் தண்ணீர் போய்ச் சேரவில்லை. உன் பெரியம்மா மாடு இரண்டையும் விற்றார்கள். இதையெல்லாம் உன் அம்மா போனில் சொன்னபோது, "மழை அதிகம், அதுக்கு நான் என்ன பண்றது?" என்றேன். ஆத்தா, அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். உன் பெரியப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, பஞ்சாயத்துக்கு இழுக்கவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார். பன்னிரண்டு வருடம். உன் சடங்குக்கு உன் பெரியம்மாவை மட்டும் அனுப்பினார். கோயில் திருவிழாவில் எதிரெதிரே நின்று விபூதி வாங்கினோம். உன்னைப் பார்த்தால் மட்டும் நின்று படிப்பை விசாரிப்பார் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

ரவைப் பள்ளத்தைப் பார்த்த அன்றைக்கே நான் போய் அவர் முன்னால் நின்றிருக்க வேண்டும். வறட்டுக் கௌரவம் விடவில்லை. நல்லபடியாக ஊரோடு வந்து சேர்ந்து இரண்டு வருடமாகியும் விடவில்லை. ஆகவே நீ ஸ்காட்லாந்து என்றதும் எனக்கு வந்தது கோபம் என்று நினைக்காதே. அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். புல் முளைத்த பிறகு நான் மிதித்தறியாத இடத்துக்குள் நீ முன்வாசல் வழியாகப் போவாய். மிச்சம் எல்லாம் பயம். ஒரு நிலத்தைக் கெடுக்கிற புத்தி ரத்தத்திலேயே வருமோ, என் மகளும் எவனுடைய ஊரிலோ போய் எவனுடைய தண்ணீரையோ மறித்துவிடுவாளோ என்று பயந்தேன். நான்கு ஏக்கரில் நான் செய்ததை நீ நானூறு ஏக்கரில் செய்துவிடுவாயோ என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு முட்டாள்தனம்! நடந்து பார்க்காமல் குச்சி நடக்கூடாது என்று எனக்குச் சொன்னவளே நீதான்.

அந்த ஒத்திகையில் நீ சொன்ன இன்னொன்றும் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. வாசலில் நின்றபடி காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். கடற்கரையை விட்டு உள்நாட்டுக் களிமண்ணுக்கு மைதானம் போனபோது, இயற்கையாக மேடு பள்ளம் கிடைக்காததால், பாதைக்குக் குறுக்கே நேராகக் கரை எழுப்பி அகழி வெட்டினார்கள் என்றாய். பந்து தாண்டினால் பிழைத்தாய், இல்லையென்றால் விழுந்தாய். பார்க்கவும் அசிங்கம், ஆடவும் அலுப்பு. அப்புறம் லண்டன் பக்கத்தில் விளைச்சலுக்கு உதவாத மணற்காடுகளைக் கண்டுபிடித்து, பழைய கடற்கரை மாதிரியே நிலத்தைப் பார்த்து வேலை செய்ய ஆரம்பித்தார்கள். துணிந்தவனுக்கு ஒரு வழி, பயந்தவனுக்குச் சுற்றிப் போக ஒரு வழி, இரண்டு பேரும் வீடு போய்ச் சேரலாம் என்று யோசித்தார்கள். "அதுக்கப்புறந்தாம்மா இத வடிவமைப்புன்னே சொல்லலாம்" என்று நீ உன் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. போன மாதம் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே நான் உனக்குச் செய்தது அந்தக் குறுக்குக் கரைதான். சுற்றிப் போகக்கூட வழி விடவில்லை. உனக்கே அந்தப் படிப்பு வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று எழுது, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். எனக்காக மட்டும் எழுதாதே.

இனி போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனை வைத்துவிட்டு உன் அம்மா, "ஒங்க வாயி எத்தன பேரத்தான் வெரட்டும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். திங்கட்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு உன் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். உன் பெரியம்மா நேற்றுதான் பார்த்தவர்கள்போல, "வாங்க தம்பி, டீ சாப்புடுங்க" என்றார்கள். உன் பெரியப்பா செய்தித்தாளை மடக்கவில்லை. வீட்டிலிருந்து வரும்போது நான் நிறைய யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "அண்ணே, வாரிய நான் மூடுன மூடுல அது எங்கிட்டு ஓடுச்சுன்னு எனக்கே தெரியல. வந்து காட்டுங்க. வெட்டி விட்டுர்றேன்" என்றேன். அவர், "பன்னெண்டு வருசமாச்சு இதக் கேக்க" என்றார். பிறகு எழுந்து துண்டை எடுத்தார். "வெயில் ஏறுறதுக்குள்ள வா."

வேலிக்கு வெட்டி வைத்திருந்த குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டித் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். "இங்கிட்டு வளையும். இந்த முந்திரியச் சுத்திக்கிட்டுப் போகும். அங்கிட்டுப் போகாது, அடியில சுக்கான் பாறை" என்று காலாலேயே காட்டிக்கொண்டு போனார். அவர் காட்டிய இடத்தில் எல்லாம் நான் குச்சி நட்டேன். ஒரு இடத்தில் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. "நேராப் போனா தூரம் கம்மிண்ணே" என்றேன். "தண்ணிக்கு என்னடா அவசரம்? ஒனக்குத்தான் அவசரம்" என்றார். குச்சியைப் பிடுங்கி அவர் சொன்ன இடத்தில் நட்டேன். அப்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். ரயிலில் வந்து குச்சி நட்டவர்களின் கதையைச் சொன்னேன். ஆடு, முயல், இருபத்திரண்டு குழி எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதுக்கு ஒரு படிப்பா?" என்றார்.

"ரெண்டு வருசப் படிப்புண்ணே. ஸ்காட்லாந்துல."

"ஆரு போறா?"

"நம்ம புள்ளதான். செப்டம்பர்ல கெளம்புது."

யோசித்துச் சொன்னதில்லை ஆத்தா. வாயில் தானாக வந்தது. அவர் நாலைந்து எட்டு நடந்தார். அப்புறம் திரும்பாமலே, "அங்க குளிருமேடா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து நட்ட குச்சியையே மறுபடியும் மண்ணில் அழுத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பொக்லைன் வந்தது. ஓட்டுநரை இறக்கிவிட்டு நானே ஏறி உட்கார்ந்தேன். என் முதுகு வலியைச் சொன்னால் நீ திட்டுவாய், விடு. பத்தொன்பது வருடம் ஓட்டியும் குச்சி எதற்கு நட்டிருக்கிறது என்று தெரிந்து மண் எடுத்தது அன்றைக்குத்தான். சனிக்கிழமை மத்தியானம் கோடை மழை கொட்டியது. குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன், எனக்கு முன்பே உன் பெரியப்பா உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். செம்மண் தண்ணீர் நுரையோடு வளைந்து வளைந்து வந்தது. முந்திரியைச் சுற்றியது. ஒரு இடத்தில் எங்கள் இரண்டு பேரையும் மதிக்காமல் குச்சிக்கு அந்தப் பக்கமாகப் போனது. உன் பெரியப்பா சத்தமாகச் சிரித்து, அந்தக் குச்சியைப் பிடுங்கித் தண்ணீர் போன பக்கத்தில் நட்டார். நீ அங்கே போனதும் முதலில் இதைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு தெரிந்தவர் நட்ட குச்சியானாலும் மழைக்குப் பிறகு ஒரு தடவை போய்ப் பார். பிடுங்கி நடுவதற்கு வெட்கப்படாதே. நீ வரைகிற இடத்துக்குக் கீழே யார் வீட்டு ஊருணி இருக்கிறது என்று கேட்காமல் பேனாவை எடுக்காதே. அங்கே மண் தள்ளுகிறவர்களிடம் அந்த மேடு எதற்கு என்று ஒரு வார்த்தை சொல். புல் முளைத்ததும் அவர்களை ஒருநாள் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. வேறு புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. சாப்பாட்டு விஷயம் எல்லாம் உன் அம்மா தனியாக எழுதித் தருவாள், நான்கு பக்கமாவது இருக்கும்.

நேற்று சாயங்காலம் உன் பெரியப்பா நம் வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. உட்காரக்கூட இல்லை. ஆலங்குடியில் தேடிக் கிடைக்காமல் புதுக்கோட்டை வரைக்கும் பஸ்ஸில் போய் வாங்கியதாக ஒரு பொட்டலத்தை உன் அம்மா கையில் கொடுத்தார். உள்ளே ஊதா நிறத்தில் ஒரு கம்பளி மப்ளர். வைகாசி வெயிலில் மப்ளர் கேட்டதற்குக் கடைக்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்தாராம். "எங்க புள்ள சீமைக்குப் போகுதுன்னு சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மப்ளர் பீரோவில் இருக்கிறது. போக ஒரு வழி, வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி என்று இரண்டு வழி விட்டு மேலே எழுதியதை ஒரு நிமிடம் மறந்துவிட்டுச் சொல்கிறேன் ஆத்தா. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு என் அண்ணனிடம் நான் சொன்ன முதல் நல்ல சேதி, நீ போகிறாய் என்பது. அதைப் பொய்யாக்கிவிடாதே.

அப்பா